ரேஷன் காலத்துச் சந்தோஷங்கள்

சந்தோஷம் பற்றி எழுதினால் குட்டி பூர்ஷ்வா என்று முத்திரை குத்திவிடுகிற பழக்கம் நம்மிடையே உண்டு. துயரம் அரசியல், இன்பம் தப்பித்தல் என்கிற இந்த எதிர்வு எங்கிருந்து வந்தது? ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'டிலைட்' தொகுப்பை வாசிக்கையில் இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது.

1949இல் வெளிவந்த புத்தகம். 114 குறுங்கட்டுரைகள். நீரூற்றுகள், வெந்நீர்த் தொட்டியில் கிடந்தபடி புகைப்பது, கச்சேரிக்கு முன் வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் சத்தம் என்று இவ்வளவுதான் விஷயம். கட்டுரை என்றாலே நாற்பது பக்கமும் இருபது மேற்கோளும் என்றாகிப்போன நமக்கு இது கட்டுரையாகவே தோன்றாது.

ஆனால் எழுதப்பட்ட காலத்தைப் பாருங்கள். யுத்தம் முடிந்து நாலு வருஷமாகியும் இங்கிலாந்தில் வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷனில்தான். இறைச்சிக்கு விடுதலை கிடைத்தது 1954 ஜூலையில். எழுதியவரோ சோஷலிஸ்ட், 1940இல் பி.பி.சி. வானொலியில் ஞாயிறு இரவுகளில் பேசியவர். எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவர் என்று பெயரெடுத்தவர். முன்னுரையே அதற்கான சமாதானம்தான். எனக்கென்னவோ அந்த முணுமுணுப்பும் இந்தச் சந்தோஷமும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே படுகிறது. மனுஷனுக்கு என்னென்ன கிடைக்கலாம் என்று தெரிந்தவன்தான் கிடைக்காதபோது கத்துவான்.

ஒரு கட்டுரையில், கண் விழிக்கும்போது பன்றி இறைச்சி வறுபடும் வாசனை. ரேஷனில் அளந்து கொடுத்த பண்டம். வாசனைக்கு அளவு கிடையாது. அதிகாரத்தின் தராசைப் பிரதி கேலி செய்கிறது என்று கொண்டாடிவிடலாம். கொஞ்சம் நிற்போம். வாசனையில் ஒருவர் கண் விழிக்கிறார் என்றால் அடுப்படியில் இன்னொருத்தர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? அந்த வாசனை அவருக்கு இன்பமா, வேலையா? ஃபில்டர் காபி மணத்தைப் பற்றி நம்ம ஆட்கள் உருகி எழுதியதையும் இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. இன்பத்தைத் தள்ளிவிட அல்ல, அதன் பின்னால் இருக்கும் உழைப்பையும் பந்தியில் உட்கார வைக்க.

இன்னொன்று, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்துவிடுவதன் சுகம். பேர்பெற்ற எழுத்தாளருக்கு அது முடியும். மில்லுக்குப் போகிறவருக்கு முடியுமா? இருந்தாலும் 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள், மீதி நேரத்தை எதற்குக் கேட்டார்கள்? கூட்டம் போட மட்டுமா?

தொழிற்சங்க நண்பர் ஒருவரிடம் இந்தக் கட்டுரையைச் சொன்னேன். “கூட்டத்துக்கு வராம இருக்க இப்படி ஒரு சாக்கா?” என்றார். புத்தகத்தை வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.