யாருடைய எண்?

"போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றான் இ-சேவை மையத்துப் பையன். அந்த அக்கா சுருக்குப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். விதவைச் சான்றுக்கு வந்திருந்தார். காகிதத்தில் இருந்தது இறந்துபோன கணவரின் எண்.

"அவரு நம்பர்தான் தம்பி எல்லாத்துலயும் இருக்கு."

முன்பு சாதிச் சான்று வாங்கியபோது பதிவானதும் அதுவே. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். சில மாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் கைமாறிவிடும். கணவர் இல்லை என்று சான்று கேட்டு வந்தவருக்கான கடவுச்சொல், எங்கோ முகம் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் ஒலித்திருக்கலாம்.

அம்மாவின் வேலையாகப் போய் வரிசையில் நின்றிருந்த எனக்கு இரண்டு சொற்கள் நினைவில் ஓடின: பயனர், பயனாளி. இரண்டும் 'பயன்' என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. செயலியைத் திறந்து இயக்குபவர் பயனர். திட்டத்தின் பட்டியலில் பெயர் இருப்பவர் பயனாளி. கணினித் தமிழுக்காகச் சொல் தேடியவர்கள் இப்படி ஒரு பிளவு வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் நம் வீடுகளில் அது துல்லியமாகப் பால் பிரித்து நிற்கிறது. அவள் பயனாளி, அவன் பயனர். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகையையே பாருங்கள். மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது, பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. அந்தப் பெயரை நான் மதிக்கிறேன். ஆனால் பணம் வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி பல வீடுகளில் கணவன் கைக்கோ மகன் கைக்கோதான் போகிறது. தன் பணம் வந்த செய்தியை அவள் இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கிறீர்களா என்று பெண்களைக் கேட்டது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அகில இந்திய அளவு 54. பெருமைப்படலாம்தான். ஆனால் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்ற தமிழ்நாட்டுப் பெண்கள் 47 விழுக்காடு, ஆண்கள் 71. கைப்பேசி இருந்தும் இணையத்துக்குள் போகாத பெண்கள் இத்தனை பேர். அந்தக் 'தாங்களே'யும் என்னை உறுத்துகிறது. பூட்டைத் திறக்கும் கோலம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க, யாரிடம் பேசினாய் என்று இரவில் பட்டியல் பார்க்கப்பட, அப்போதும் அது தானே பயன்படுத்துவதுதானா?

இதற்கெல்லாம் மருந்தாக டிஜிட்டல் எழுத்தறிவு முகாம் நடத்தச் சொல்கிறார்கள். நடத்தட்டும். ஆனால் சுயஉதவிக் குழுவில் இருபது பேரின் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் மனக்கணக்காகச் சொல்லும் பெண்ணுக்கு அறிவில் என்ன குறை? குறை படிவத்தில் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஓர் எண், அது எப்போதும் அவர் பையில் இருக்கும், மணி ஒலித்தால் உடனே எடுத்துப் பார்ப்பார் என்று அது நம்புகிறது. படிவத்தை வடிவமைத்தவர் கண்முன் இருந்தது சட்டைப்பை உள்ள உடல். (புடவைக்குப் பை கிடையாது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.) நூறு நாள் வேலையிலும் இதைப் பார்த்தோம். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் நாளுக்கு இரண்டு முறை செயலியில் படமெடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்றானது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில், மண் வெட்டிய கையை விட, பதிவேறாத படத்துக்கே மதிப்பு அதிகம்.

இதை எழுதும் நானும் வெளியே நிற்கவில்லை. 2020இல் இணையவழி வகுப்பெடுத்தபோது ஒரு மாணவி தொடர்ந்து காலையில் வரமாட்டாள். குறித்த நேரத்துக்கு வராதவர் என்று வருகைப்பதிவேட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணன் வேலைக்குப் போகும்போது போனை எடுத்துப் போய்விடுவான், ராத்திரிதான் கிடைக்கும் என்று பின்னால் அவளே சொன்னாள். அதற்குள் பருவம் முடிந்திருந்தது. நான் போட்ட குறிகளும் ஒரு படிவம்தான்.

"வேற நம்பர் இருந்தா மாத்திடலாம்மா" என்றான் பையன். மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறானாம், எண் மனப்பாடம் இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் எண்ணைச் சொன்னேன். நான்கு இலக்கம் வந்தது, சொன்னேன், விண்ணப்பம் உள்ளே போயிற்று. "நல்லா இருப்ப கண்ணு" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அந்தச் சொரசொரப்பு இன்னும் கையில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. கூடுதல் ஆவணம் ஒன்று வேண்டுமாம். அக்காவின் பெயர் தெரியும், ஊர் தெரியும். கூப்பிட்டுச் சொல்ல எண் இல்லை. நாளை காலைப் பேருந்தில் போய்த் தேட வேண்டும்.