12 வினாடி நெருப்பு

கலிஃபோர்னியா சோபாக்களின் ரசாயனக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிகாகோ ட்ரிப்யூன் 2012-ல் வெளியிட்ட தொடரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல தொடர்தான். ரசாயனத் தொழில் தரப்புக்காக ஒரு மருத்துவர் வந்து, தீயில் கருகி இறந்த குழந்தையைப் பற்றி சட்டமன்றக் குழு முன் சாட்சி சொல்கிறார்; தேடினால் அப்படி ஒரு குழந்தை இறந்ததற்குப் பதிவே இல்லை. ஆனா வில்லன் கிடைச்சுட்டா விதியை யாரும் படிக்கிறதில்லை. எனக்கு அந்த விதி மேலதான் கோபம்.

டெக்னிக்கல் புல்லட்டின் 117. வருஷம் 1975. எந்த ரசாயனத்தையும் சேர்க்கச் சொல்லாத விதி அது. சோபாவுக்குள் போகிற ஃபோமைத் தனியே எடுத்து 12 வினாடி சின்னச் சுடர் காட்டு, பற்றிப் பரவக்கூடாது. அவ்வளவுதான். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் இதில் தேறாது. மலிவான வழி, தீத்தடுப்பானைக் கலப்பது. ஒரு மாநிலத்துக்கென்று தனி சோபா செய்வானேன் என்று பல கம்பெனிகள் அதையே நாடு முழுக்க விற்றன.

யூனிட் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்குப் பழகிய வியாதி இது. வெறும் ஃபோமில் யாரும் உட்காருவதில்லை, மேலே துணி இருக்கு. துணி பற்றிய பிறகு ஃபோமுக்கு வந்து சேர்வது சின்னச் சுடர் இல்லை, பெருந்தீ. அதுவும் சோபா தீச் சாவுகளுக்கு முக்கியக் காரணம் சுடரே இல்லை, அணையாத சிகரெட்டின் கங்கு. டெஸ்ட் பாஸ், வீடு எரியுது.

டெஸ்ட் அளக்காத இன்னொன்று இருக்கு. இந்த ரசாயனங்களில் பல ஃபோமோடு பிணைந்திருப்பதில்லை; கலந்து மட்டும் இருப்பதால் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேரும். தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது யாரு?

1977-ல் ட்ரிஸ் என்ற தீத்தடுப்பான் குழந்தைகளின் இரவு உடைகளில் தடை செய்யப்பட்டது. அது மரபணுவைப் பாதிக்கும் என்று ஆர்லீன் ப்ளமும் ப்ரூஸ் ஏம்ஸும் எழுதியிருந்தார்கள். மாற்றாக வந்த குளோரின் ட்ரிஸும் அதே சந்தேகத்தில் உடையிலிருந்து போனது. பிறகு சோபாவில் கோலோச்சிய பெண்டாபிடிஇ-யின் அமெரிக்க உற்பத்தி 2004 கடைசியில் நின்றபோது, அந்த இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று சாட்சாத் அந்தக் குளோரின் ட்ரிஸ்! 2011-ல் ஹெதர் ஸ்டேப்பிள்டன் குழு, கார் சீட், பால் கொடுக்கும்போது வைக்கிற தலையணை என 101 குழந்தைப் பொருட்களின் ஃபோமைச் சோதித்தது. 80-ல் தீத்தடுப்பான். அதிகம் அகப்பட்டது இதுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரைத் துரத்தினார்கள். அதற்குத் தேவையை உண்டாக்கிய டெஸ்டைத் தொடவில்லை.

2013-ல்தான் தொட்டார்கள். இப்போ துணியோடு சேர்த்து சிகரெட் கங்கு வைத்துப் பார்க்கிறார்கள். ரசாயனம் இல்லாமலே தேறலாம். சுடர்ச் சோதனையை எடுத்துட்டீங்களே, மெழுகுவர்த்தி, லைட்டர் தீக்கு என்ன பதில்னு கேட்கிறவர்களை நான் தள்ள மாட்டேன். அதற்கு முழு சோபாவையே கொளுத்திப் பார்க்கணும். வெறும் ஃபோமுக்கு 12 வினாடி காட்டுறது அந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

2018 சட்டம் இன்னும் கொஞ்சம் தேறியது. பெயர்களைத் துரத்தாமல், 2020 முதல் வகுப்பு வகுப்பாகவே 0.1 சதவீத உச்சவரம்பு. ஆனா புதுப் பொருளுக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்ட் சோபாவைக் கவிழ்த்தால் 117 லேபிள் இன்னும் ஒட்டியிருக்கலாம்.