திருத்தும் கையும் திரையும்

தொலைவிலிருந்து எழுத்துக் கற்பிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தொடங்கிய கதை வகுப்பு, முகங்காணாமலே பலரை எழுத்தாளராக்கிற்று.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பெட்டாலிங் ஜெயாவை அடுத்துள்ள மலாயாப் பல்கலைக்கழக மாணவர்க்கும் இணையமே வகுப்பறையாயிற்று. தமிழில் எழுதுவோர்க்கு 'வாணி', 'நாவி' போன்ற பிழைதிருத்திகளும் துணைநிற்கின்றன. எழுத்துப்பிழை குறைவது நன்மையே, மறுப்பதற்கில்லை. சிவப்பு மையால் ஒற்றுப் போட்டே சலித்த ஆசிரியர் கை சற்று ஓயட்டும்!

ஆயின், 'வேலை கொடுத்தான்' என்பது பணி தந்தமை. 'வேலைக் கொடுத்தான்' என்பதோ வேற்படை தந்தமை. இரண்டும் பிழையற்றவை. மாணவன் கருதியது எது என்பதை, தொடரைத் தனித்து நோக்கும் கருவி எங்ஙனம் அறியும்? முன்னும் பின்னும் படித்தவரே அறிவர். கதை வகுப்பு பயன் தந்தது அச்சாலோ அஞ்சலாலோ அன்று. வந்த கதைகளை எழுத்தறிந்தோர் படித்துத் தரங்கண்டமையால்தான். இணைய வகுப்பிலோ கட்டுரை ஒப்படைத்த நாளும் நேரமும் தவறாது பதிவாகின்றன. அதன்கீழ்ப் படித்தவர் எழுதிய குறிப்பு எத்தனை வரி என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.