கீழே நிற்கும் எஃப்

இசையமைப்பாளர் ஜான் டாவெனரின் 'சாங் ஃபார் அதீனி' என்ற குழுப்பாடலைக் கேட்டவர்கள் அதன் உச்சத்தைத்தான் சிலாகிப்பார்கள். குழு முழுவதும் எஃப் மேஜரில் திரண்டு எழும் இடம் அது. அந்த இடம் அப்படி ஒளிர்வதற்குக் காரணம், முதல் நொடியிலிருந்து பாஸ் பாடகர்கள் விடாமல் பிடித்திருக்கும் ஒற்றை எஃப்தான் என்பது என் கட்சி.

பைசாந்திய கானத்தில் ஐசான் எனப்படும், மெட்டுக்குக் கீழே விடாமல் ஒலிக்கும் அடிச்சுருதி அது. 1977இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தபின் டாவெனர் தன் இசையை ஒலியாலான ஐகான் என்றே கருதினார். ஐகானில் தங்கத் தளம் முதலில் அமையும். அதில் நிழல் இல்லை, தொலைவு இல்லை. புனிதரின் முகம் அதன்மேல்தான் தீட்டப்படும். இங்கே அந்தத் தங்கம் எஃப். மேலே மெட்டு ஏ ஃபிளாட்டைத் தொட்டால் அதே எஃப் துக்கமாகக் கேட்கிறது; ஏ வந்ததும் அதுவே ஆறுதலாகிவிடுகிறது. பாஸ்கள் ஒரு இம்மியும் அசைந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஐசானைப் பாடுவது தம்புரா மீட்டுவதைப் போல எளிதாகத் தோன்றும். மூச்சில்தான் சோதனை. மெட்டு முடியும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கினால் தளம் கிழிந்துவிடும். எனவே ஒருவர் மாற்றி ஒருவர், வரியின் நடுவில் சத்தமின்றி விலகி, விலகியது தெரியாமல் திரும்பி வந்து சேர வேண்டும்.

இன்னொரு இசையமைப்பாளரான ஆர்வோ பார்ட்டின் 'கானன் பொகாயானென்' பக்கம் நிற்கும் நண்பர்கள், டாவெனரிடம் தித்திப்பு அதிகம் என்பார்கள். சில படைப்புகளில் உண்மைதான். ஆனால் 1993இல் பாதி கிரேக்க வழிவந்த ஓர் இளம் பெண்ணின் மரணத்துக்காக எழுதிய இந்த அஞ்சலியில் அந்தக் குறை இல்லை. 'ஹாம்லெட்'டிலிருந்தும் ஆர்த்தடாக்ஸ் அடக்கச் சடங்கிலிருந்தும் ஆர்த்தடாக்ஸ் துறவி அன்னை தெக்லா தேர்ந்து கோத்த வரிகளுக்கு நடுவே 'அல்லேலூயா' திரும்பத் திரும்ப வருகிறது. அழுகை எங்கும் கட்டுமீறுவதில்லை.

1997 செப்டம்பர் 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து இளவரசி டயானாவின் பேழை வெளியேறியபோது மார்ட்டின் நியரி நடத்திய அபேயின் பாடகர் குழு இந்தப் பாடலைப் பாடியது. பேழை சுமந்தவர்களின் நிதான நடைக்கு அந்த எஃப் துணை நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கேட்கும் பல கச்சேரிகளில் ஐசானைக் கடனுக்குப் பாடுகிறார்கள். வாத்தியத் துணையில்லாத பாட்டில் பாஸ் சற்று இறங்கினால் மொத்தக் குழுவும் சேர்ந்து இறங்கும். உச்சம் வரும்போது அது எஃப் மேஜராகவே இருக்காது. சோப்ரானோக்களை மெருகேற்றச் செலவிடும் ஒத்திகை நேரத்தில் பாதியையாவது பாஸ்களுக்குத் தர வேண்டும். தூங்கவைக்கும் இசைத் தொகுப்புகளில் இந்தப் பாடலைச் செருகுவது இன்னொரு கொடுமை.

இதைக் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அந்தக் கீழ் எஃப் அதில் சரியாகக் காதில் விழாது. நல்ல ஹெட்ஃபோனில், மெட்டைச் சற்று மறந்துவிட்டு, அடிக்குரலை மட்டும் ஒருமுறை முழுதாகப் பின்தொடர்ந்து பாருங்கள்.