எந்தப் படத்துப் பாட்டும் அல்ல

2021இல் யொஹானியின் 'மெனிக்கே மகே ஹித்தே' இந்தியாவெங்கும் ஒலித்தபோது, இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்து ஊரையே ஆட்டிய முதல் பாட்டு என்று அதைக் கொண்டாடினார்கள். அதே ஆண்டில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. சினிமாவுக்கு வெளியே தமிழ் பாப் பிறந்துவிட்டது என்றார்கள். கொஞ்சம் நினைவுள்ளவர்கள் மலேசிய யோகி பியின் 'வல்லவன்' வெளிவந்த 2006 வரை பின்னால் போனார்கள். இந்த இரண்டு பேச்சையும் மறுக்க ஒரே பெயர் போதும்: இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன்.

நம்மூரில் அவர் 'சிலோன் மனோகர்'. அவர் பெயரைச் சொன்னால் 'சுராங்கனி' என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே பாட்டுக்காரர் என்ற இந்த முத்திரை சோம்பேறித்தனமானது. அது எப்படி விழுந்தது என்று பார்த்தால் தமிழ் பாப்பின் கதையே வந்துவிடும்.

முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஆட்ட இசை, கப்பிரிஞ்ஞாவாக இலங்கைக் கரையோரத்தில் தங்கியது. போலீஸ்காரரான வொலி பஸ்தியன்ஸ் அதிலிருந்து சிங்கள பைலாவை மேடைக்கு ஏற்றினார். எம். எஸ். பெர்னாண்டோ அதைத் தெருவெல்லாம் கொண்டுபோனார். கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு மின்கிதாரைக் கொண்டுவந்தார். அறுபதுகளின் முடிவில் தமிழ் இளைஞர்கள் கையிலும் கிதார் ஏறியது. இங்கே நாம் பாப் என்பதை அங்கே பொப் என்பார்கள். துள்ளிசை என்ற அழகான பெயரும் உண்டு.

முதலில் நிற்பவர் நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே நடக்கின்றன; மைக் முன்னால் போனதும் நாக்கைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. பாட்டெழுத்தில் மனோகரனை விட அவர் ஒரு படி மேல் என்பதே என் எண்ணம். மனோகரனும் 'பட்டு மாமியே' பாடினார். அந்தக் கால ஈழத்துப் பொப்பில் மாமிகளுக்கு ஓய்வே கிடையாது. யாழ்ப்பாணத்தில் மாமி என்றால் மச்சாளின் அம்மா. சென்னையில் அந்தச் சொல்லில் ஏறியிருக்கும் சாதி வாசனை அங்கே இல்லை. இது தெரியாமல் கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டுகளில் பாதி நகைச்சுவை போய்விடும்.

எழுபதுகள்தான் இந்த இசையின் பொற்காலம். பிரதமர் சிறிமாவோவின் அரசு இறக்குமதியை இறுக்கியது; இந்திய இதழ்களுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அது நல்ல கொள்கையா என்பது வேறு வழக்கு. ஆனால் கோடம்பாக்கத்தின் நிழல் கொஞ்சம் விலகிய அந்த இடைவெளியில் உள்ளூர் நாடகம், படம், பாட்டு எல்லாம் வெயில் கண்டன. மனோகரன் அந்த வெயிலில் வளர்ந்தவர். திருவிழாவோ களியாட்டமோ, நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்குப் பாடத் தெரிந்தவர்.

'சுராங்கனி'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பொருள் ஒன்றும் பெரிதில்லை: சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான். தாளம் பைலாவின் ஆறெட்டு. நம் கணக்கில் தகிட தகிட. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லலாம். அடிகள் குட்டை. நடுவே எவர் பெயரையும் செருகிக்கொள்ளலாம். எங்கள் கல்லூரிச் சுற்றுலாவில், கொடைக்கானல் மலைப்பாதையில் இருக்கையின் முதுகைத் தட்டிக்கொண்டு, முன்வரிசையில் தூங்குவதுபோல் நடித்த பேராசிரியரின் பெயரை அதில் செருகினோம். பாட்டில் வரும் 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன் என்று பேருந்தில் ஒருவனுக்கும் தெரியாது. திருமாலாக இருக்கும் என்றான் ஒருவன்.

சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் உட்கார்ந்திருப்பதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். மொழி அங்கே வேலைக்கும் படிப்புக்குமான வழக்காகிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பாடகர் இரண்டு மொழியிலும் மீன் விற்றார். இதனால் யாருக்கும் ஒரு உரிமையும் கிடைக்கவில்லை. நல்லிணக்கக் கீதம் என்று இப்போது அதற்கு மாலை போடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் சிங்களவர் மேடையின் வடிவத்தை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் தெம்பு அதில் இருந்தது. கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

1977இல் இளையராஜா அதை 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு எடுத்துக்கொண்டார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். நல்ல பதிவு, கறாராகக் கட்டப்பட்டது. வாசுதேவன் குரலில் குறும்புக்கும் குறைவில்லை. ஆனாலும் எடுத்துக்கொடுப்பவருக்கும் கூட்டத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி அங்கே ஒத்திகை பார்த்த கோரஸ் ஆகிவிடுகிறது. பாட்டு சினிமாவுக்குள் போன அன்றே பாடியவர் வெளியே நிறுத்தப்பட்டார்.

பிறகு அவரே உள்ளே வந்தார், கிதார் இல்லாமல். இலங்கையில் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தவர். மீனவர்களின் கதை, அங்கேயும் மீன்தான். கோடம்பாக்கமும் மலையாளப் படவுலகமும் அவருடைய உடற்கட்டைப் பார்த்தன, தொண்டையைக் கேட்கவில்லை. கதாநாயகனிடம் அடிவாங்கும் வில்லன் வேடங்கள், பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள். ஆயிரம் பேரைப் பாடவைத்தவரிடம் நாம் கேட்டது முறைப்பு மட்டுமே. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் அவர் விட்டுவந்த மேடையும் சிதறியது. துள்ளிசைக்காரர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நித்தி ஆஸ்திரேலியா போனார். 2018 ஜனவரியில் சென்னையில் மனோகரன் காலமானார்.

எத்தனை ஹிட் என்று எண்ணுவது சினிமாவின் கணக்கு. பாடியவரின் பெயரை உதறிவிட்டு ஒரு பாட்டு எத்தனை வாய்களில் ஏறியது என்று பாப்பை அளந்தால், தமிழில் 'சுராங்கனி'க்குப் பக்கத்தில் வைக்கச் சில பாட்டுகளே உண்டு. 'என்ஜாய் எஞ்சாமி' எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை இசைக்கருவி எதுவும் இல்லாமல் பேருந்தில் பாடிப் பாருங்கள்; இரண்டாம் நிமிடத்தில் யாராவது செல்போனை எடுத்துவிடுவார்கள். இன்றைய தனியிசைக்காரர்களுக்கு ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது, காணொளி இருக்கிறது. கூட்டம் கைதட்டிப் பாடுவதற்கான இடத்தை மட்டும் பாட்டுக்குள் விட மறந்துவிடுகிறார்கள். அவர்கள் மனோகரனிடமும் நித்தியிடமும் பாடம் கேட்க வேண்டும். நினைவஞ்சலி செலுத்தினால் போதாது.

போன தையில் ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு 'சுராங்கனி' வாசித்தது. கிழவர்கள் வரை எழுந்து ஆடினார்கள். முடிந்ததும் கீபோர்டு வாசித்த தம்பியிடம் போய், இதைப் பாடியவருடையதே 'பட்டு மாமியே' என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா என்றேன்.

"யாரு, வாசுதேவன் சாரா?" என்றவர் செல்போனை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எந்தப் படம் சார்?"