வகுப்பறையிலிருந்து பாசறைக்கு: மூன்று ஈழத்து நூல்களை முன்வைத்து

மோதல் நிலங்களில் வளரும் பிள்ளைகள் வன்முறையை நாடுவதேன் என்ற வினாவுக்கு நம்மிடையே இரு ஆயத்த விடைகள் உள. ஒடுக்குமுறை தானாகவே போராளியைப் பிறப்பிக்கும் என்பது ஒன்று. அறியாப் பருவத்தினரை இயக்கங்கள் மயக்கி அழைத்துச் சென்றன என்பது மற்றையது. முன்னது மேடைக்கு வசதியானது. பின்னது அறிக்கைக்கு வசதியானது. ஈழத்து நூல்கள் மூன்றை இவ்விடைகளுக்கெதிரே நிறுத்திப் பார்த்தல் தகும்.

அருளரின் 'லங்கா ராணி', 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்டது. கப்பலிலே நிகழும் உரையாடல்கள் ஆயுதப் போராட்டமே வழி என்ற முடிவை நோக்கிச் செல்கின்றன. வேகமும் நேர்மையும் வாய்ந்த நாவல். ஆயினும், தீயைக் கண்டோர் யாவரும் ஒரே திசையில் நடப்பர் என அது நம்பிவிடுகின்றது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடெரியக் கண்ட பிள்ளைகள் அகதி முகாம்களில் ஒருங்கே படுத்துறங்கினர். பின்னர் சிலர் விமானமேறினர். சிலர் யாழ்ப்பாணம் சென்றனர். சிலர் எரிந்த வீட்டைத் திருத்திக்கொண்டு அதே தெருவுக்கு மீண்டனர். இயக்கங்களிற் சேர்ந்தோரும் உளர். கண்ட காட்சி ஒன்றே. பெற்றோரின் கைப்பொருளும் வெளிநாட்டு உறவினரின் முகவரியும் வேறுவேறு. இவ்வர்க்க வேறுபாட்டுக்கு நாவலின் விளக்கத்தில் இடமில்லை.

உண்மையில், தீயைக் காட்டிலும் வகுப்பறையே இவ்வினாவைத் தெளிவாக்குவது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவனிடம் 250 கேட்கப்பட்டது. படித்தால் முன்னேறலாம் என்று தந்தையர் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்த சொல் அந்த 23 புள்ளிகளிற் பொய்த்தது. தரப்படுத்தலை எதிர்த்துத் தமிழ் மாணவர் பேரவையின் பின்னே திரண்டோரிடையிலிருந்தே தொடக்ககால ஆயுதக் குழுவினர் சிலர் தோன்றினர். பெரியோரின் மனுக்களும் சத்தியாக்கிரகங்களும் பலனளியாமையைக் கண்டே அவர் வளர்ந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1971 ஏப்ரிலில் கிளர்ந்த சிங்கள இளைஞரும் பெரும்பாலும் சுயமொழியிற் கற்று, கற்றதற்கேற்ற தொழில் கிடையாதோரே. 1976 யூன் 16இல் சொவெற்றோ மாணவரைத் தெருவிலிறக்கியது ஆபிரிக்கான்ஸ் மொழியிற் பாடம் திணிக்கப்பட்டமை. ஊர்வலத்துக்குப் பொலிசாரின் துப்பாக்கி மறுமொழி கூறிய பின்னரே அங்கு கல்லும் தீயும் ஊரெங்கும் பரவின.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) வேறொரு கதவைத் திறக்கின்றது. இங்கு இராணுவம் வருமுன்னரே வன்முறை வீட்டினுள் இருக்கின்றது. அடாவடிக்குப் பேர்போன தந்தையின் மகன் இயக்கத்துக்குச் செல்கின்றான். தந்தையின் பட்டப்பெயரோ அங்கும் அவனை விடுவதாயில்லை. இழிவினின்று நீங்கி வேறொரு பெயர் பெறும் ஆவல் பிள்ளைகளை எவ்வளவு தூரம் இழுக்குமென்பதை எந்த அரசியற் கட்டுரையும் இவ்வளவு துலாம்பரமாகக் காட்டியதில்லை எனலாம். நூலின் எள்ளலில் இலயிக்கும் வாசகர் இதனைத் தவறவிடுதல் கூடும்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவரது மறைவின் பின் 2016இல் வெளிவந்தது. 1991இல், கல்வியை இடைநிறுத்தித் தாமாகவே இயக்கத்தில் இணைந்தவர் அவர். அந்த முடிவை மயக்கமென்று ஒதுக்கிவிட இயலாது; போர் சூழ்ந்த ஊரில் வாளாவிருத்தலே குற்றமெனக் கருதிய மாணவியின் முடிவு அது. ஆயின் அதே நூல் இறுதிக்காலக் கட்டாய ஆட்சேர்ப்பையும் பேசவேண்டியதாகின்றது. 2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் 6,000க்கும் மேற்பட்ட சிறுவரைச் சேர்த்ததாக யுனிசெப் பதிவு செய்தது. வன்னியிற் பெற்றோர் பிள்ளைகளை ஒளித்துவைத்தனர். காப்பாற்றும் பொருட்டு உரிய வயதுக்கு முன்னரே மணமுடித்தும் வைத்தனர். எழுபதுகளிற் புத்தகத்தை மூடிவிட்டு வெளியேறியவனையும் 2008இல் தாயின் கையினின்று பறிக்கப்பட்ட பிள்ளையையும் 'சிறுவர் போராளி' என்ற ஒரே சொல்லில் அடக்குதல் திறனாய்வின் சோம்பலேயன்றி வேறன்று. முன்னவனின் சினம் அவனுடையது. பின்னதன் கையிலிருந்த துவக்கும் அதனைச் சுடச்செய்த முடிவும் பெரியோருடையவை.

தாமாகச் சென்ற மாணவியே, பிறர் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதை அமைப்பின் உள்ளிருந்து எழுத நேர்ந்த அப்பக்கங்களே தமிழினியின் நூலில் மிகக் கனமானவை. கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையின் குரலோ இம்மூன்று நூல்களிலும் இல்லை.