ஷெஃபீல்டு மடக்குக் கத்தி: ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்குங்கள்

ஆங்கிலேய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், கைக்கு வந்த கத்தியைக் காதருகே கொண்டுபோய்த்தான் திறக்கிறார்கள். அலகு நடுவழியில் எப்படி நகர்கிறது, கடைசியில் என்ன சத்தத்தோடு உட்காருகிறது என்று கேட்ட பிறகே பிடியின் அழகையும் அலகில் பொறித்த பெயரையும் பார்க்கிறார்கள். நாலைந்து கத்திகளை அடுத்தடுத்துத் திறந்து மூடினால் இதற்கான காரணம் விளங்கிவிடும். பூட்டு இல்லாத இந்தக் கத்தியில் எல்லாமே முதுகிலுள்ள ஒற்றை ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கிறது.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டவை மூன்று கத்திகள். முதலாவது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இன்றும் கையால் கத்தி செய்யும் சிறு பட்டறையொன்றின் புதிய ‘லேம்ப்ஃபுட்’. எருமைக்கொம்புப் பிடி, கார்பன் எஃகு அலகு. இதைச் சமையலறையிலும் தோட்டத்திலும் அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். மற்ற இரண்டும் சேகரிப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தவை: மான்கொம்புப் பிடி போட்ட ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் பழைய பேனாக்கத்தி ஒன்று, முத்துச்சிப்பிப் பிடியும் வெள்ளி அலகும் கொண்ட பழம் நறுக்கும் கத்தி ஒன்று.

அமைப்பு

லேம்ப்ஃபுட் மடித்த நிலையில் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வெட்டுவாய் 3 அங்குலத்துக்குள் அடங்கும். வெட்டுவாய் நுனிவரை நேர்கோடாகப் போகிறது. முதுகு மெல்லச் சரிந்து வந்து முனையில் அதைச் சந்திக்கிறது. குத்துவதற்கான முனை இல்லை, எல்லாம் வெட்டுவதற்கே. இதன் நெருங்கிய உறவான ‘ஷீப்ஃபுட்’ அலகைக் கப்பல்காரர்கள் விரும்பியதற்கும் இதுதான் காரணம். ஆடும் தளத்தில் கயிறு அறுக்கும்போது கூர்முனை கொண்ட கத்தி ஆபத்து.

பிடியின் உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றின் நடுவே ஸ்பிரிங், வெளியே கொம்பு, முனையில் ஜெர்மன் சில்வர் பூண். எல்லாவற்றையும் துளையிட்டு ஆணி அடித்து, ஆணியின் தலையை ராவிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். திருகாணி கிடையாது. அதனால் ஏதாவது தளர்ந்தால் வீட்டில் கழற்றி மாட்ட முடியாது. செய்யும்போதே சரியாகச் செய்தாக வேண்டும்.

வேலைத்திறன் முழுவதும் ஸ்பிரிங்கும் அலகின் அடிப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த அடிப்பகுதியை ஏறக்குறையச் சதுரமாக ராவியிருப்பார்கள். அதன் ஒரு பக்கம் திறந்த நிலைக்கு, இன்னொரு பக்கம் மூடிய நிலைக்கு. ஸ்பிரிங்கின் நுனி ஏதாவது ஒரு பக்கத்தின்மேல் அழுந்திக்கொண்டே இருக்கும். அலகைத் திருப்பினால் சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்குகிறது. மூலை கடந்ததும் ஸ்பிரிங் கீழே இறங்கி, அலகைத் தானே இழுத்து உட்காரவைக்கிறது. அப்போது கேட்பதுதான் அந்த ‘டக்’. மூலையைக் கூராக விட்டால் அலகு நடுவழியில் ஒருமுறை நின்று போகும். உருட்டிவிட்டால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சேகரிப்பாளர்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்சி உண்டு.

நல்ல வேலையா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை: கத்தியின் முதுகில் விரலை ஓட்டுங்கள். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஸ்பிரிங் பித்தளைத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு கத்தியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. நான் சோதித்த புதிய கத்தியில் மட்டம் சரியாக இருந்தது. ஆனால் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. மூடும்போது அலகு ஒரு பக்கத் தகட்டை ஒட்டிப் போகிறது. பழைய ராட்ஜர்ஸ் கத்தியில் இந்த இரண்டு குறையும் இல்லை. பல கைகள் மாறி வந்த பிறகும் அதன் ஸ்பிரிங் முறுக்குக் குறையாமல் இருக்கிறது. நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினால்தான் அலகு அசைகிறது.

வெட்டிப் பார்த்தபோது

பெட்டியிலிருந்து எடுத்த புதிய கத்தியின் கூர் சுமார்தான். வெட்டுவாய் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் தீட்டப்பட்டிருந்தது. தீட்டுக்கல்லில் இரு பக்கமும் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி சாய்வில் தேய்த்தபின் அதன் உண்மையான குணம் வெளிப்பட்டது. அலகு மெல்லியது என்பதால் ஆப்பிளைப் பிளக்காமல், அழுத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது. நேர்வாய் என்பதால் பலகையில் வைத்து நறுக்கும்போது வெட்டுவாய் முழுக்கப் பலகையைத் தொடுகிறது. வெங்காயத்தாள் நார் விடாமல் அறுபடுகிறது. சணல் கயிறு, பார்சல் நாடா, பென்சில் சீவல் எல்லாவற்றிலும் கை சொன்னபடி கேட்கிறது. பழத்தோலை வளைத்து வளைத்து உரிக்கும் வேலைக்கு மட்டும் நேர்வாய் ஒத்துவரவில்லை; அதற்கு வளைந்த வாய் வேண்டும்.

அட்டைப்பெட்டிகளை வெட்டினால் கூர் சீக்கிரம் மங்குகிறது. இன்றைய உயர்ரக எஃகுகளோடு ஒப்பிட்டால் இதில் பின்தங்கியதுதான். ஆனால் கல்லில் சில இழுப்புகளிலேயே கூர் திரும்பிவிடுகிறது. விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். சாணை பிடிக்கத் தெரியாதவரும் இந்தக் கத்தியில் கற்றுக்கொள்ளலாம்.

பூட்டு இல்லை என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. முனையால் குத்தித் திருகினாலோ, முதுகில் தட்டினாலோ அலகு விரல்மேல் மூடிக்கொள்ளும். மூடும்போதும் அலகைப் பட்டென்று விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். அடிப்பகுதியின் முன்புறம் உள்ள சிறு புடைப்பு ஸ்பிரிங்கில் முட்டி நிற்பதால்தான் வெட்டுவாய் உள்ளே இடிக்காமல் தப்புகிறது. வேகமாக விட்டால் அலகு அதிர்ந்து வாய் மழுங்கும். சேகரிப்பாளர்களின் கத்தியைத் தொடுகிறவர் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதையும் இதுதான்: கேட்டுவிட்டுத் திற, மெல்ல மூடு, விரல்ரேகையைத் துடைத்து, மூடிய நிலையில் திருப்பிக் கொடு.

கறையும் துருவும்

கார்பன் எஃகு ஆப்பிளிலும் எலுமிச்சையிலும் பட்டால் நிறம் மாறும். முதலில் மங்கிய சாம்பல், பிறகு நீலம் கலந்த கருமை. இந்தப் படலம் துரு இல்லை; பழுப்புத் துருவை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. ஆனால் பழத்தில் லேசான இரும்பு வாடை ஏறும். இந்தக் குறைக்குப் பழைய காலத்தார் கண்ட தீர்வுதான் மேசைமேல் இருந்த மூன்றாவது கத்தி. பழத்தின் அமிலம் வெள்ளியை அரிப்பதில்லை என்பதால் விருந்துக்குப் போகிறவர் சட்டைப்பையில் வெள்ளிக் கத்தி இருந்தது. 1913இல் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டறிந்தார். அதன்பின் வெள்ளி அலகின் தேவை மெல்லக் குறைந்தது.

வேலை முடிந்ததும் துடைத்து, ஸ்பிரிங் சந்திப்பில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் போய் அலகின் நடையைக் கெடுக்கும். கொம்புக்கு வெயிலும் ஹீட்டர் வெக்கையும் ஆகாது. சுருங்கி, ஆணியைச் சுற்றி வெடிக்கும். மடக்குக் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

சேகரிப்புகள் கற்றுத்தருவது

புதிய கத்தியின் தரத்தை எடைபோட அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பழைய கத்திகளில் இருக்கிறது. ஷெஃபீல்டில் கத்தித் தொழிலாளர்களுக்கான ஹாலம்ஷயர் கட்லர்ஸ் கம்பெனி 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக் கம்மியர், கடிகார ஸ்பிரிங்குக்கு ஏற்ற சீரான எஃகு கிடைக்காமல், மூசையில் உருக்கி எஃகு வார்க்கும் முறையை உருவாக்கினார். ஸ்பிரிங்குக்காகத் தேடிய அந்த எஃகுதான் ஷெஃபீல்டு கத்திகளின் புகழுக்கு அடித்தளமானது.

நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் சேர்ந்தது ராட்ஜர்ஸ் முத்திரை. அந்த நிறுவனம் 1822இல் 1822 அலகுகள் கொண்ட ‘இயர் நைஃப்’ ஒன்றைச் செய்தது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்குச் செய்த ‘நார்ஃபோக் நைஃப்’ 75 அலகுகளும் கருவிகளும் கொண்டது. பார்ப்பவர் எண்ணிக்கையில் மயங்குவார். தொழில் தெரிந்தவர், அத்தனையும் ஒன்றோடொன்று உரசாமல் மடங்குவதைப் பார்த்து வியப்பார்.

பழைய கத்தி வாங்க நினைப்பவர்களுக்கு, சேகரிப்பாளர்கள் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் பெரிய உதவி. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது உற்பத்தியான நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே அலகில் ‘ஷெஃபீல்டு’ மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாகவும், ‘இங்கிலாந்து’ சேர்ந்திருந்தால் பிந்தையதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளி அலகில் இன்னும் தெளிவு: ஷெஃபீல்டின் வெள்ளிச் சோதனை அலுவலகம் 1773 முதல் கிரீடத்தையும், 1975 முதல் ரோஜாவையும் முத்திரையாகப் பதிக்கிறது. கூடவே வரும் ஆண்டெழுத்து ஆண்டையே சொல்லிவிடும். மான்கொம்புப் பிடிகளில் பெரும்பாலும் பார்ப்பது நம் காடுகளின் கடமான் கொம்பு. இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தபின் புதிய கத்திகளில் அது அருகிவிட்டது.

தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகை அதே மாதிரியின் முழு அலகோடு பக்கத்தில் வைத்தால்தான் தேய்மானம் தெரியும். சேகரிப்பாளர்கள் தங்களிடம் உள்ளதைப் பரப்பிவைத்துப் பகிர்வதன் பெரும் பயன் இது. படத்தில் பார்த்து வராத அறிவு. பளபளப்பாக்கப்பட்ட பழைய கத்தியை அவர்கள் தள்ளிவைப்பதும் நியாயமே. பாலிஷ் சக்கரம் முத்திரையை அழித்துவிடும். நகக்குழியின் விளிம்பையும் கரைத்துவிடும்.

இந்தப் பகிர்வு மனப்பான்மைக்கு ஷெஃபீல்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே கருவிக் கடை நடத்திய கென் ஹாலி, செய்து முடித்த பொருள்களோடு நிற்காமல் பாதி செய்தவை, விலைப்பட்டியல்கள், பட்டறைக் கருவிகள் என்று எல்லாவற்றையும் திரட்டினார். இன்று கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் அவற்றை யாரும் பார்க்கலாம். ‘லிட்டில் மெஸ்டர்’ என்று ஊர்மக்கள் அழைக்கும் தனிப்பட்டறைக் கம்மியர்களின் மரபை 1926இல் பிறந்த ஸ்டான் ஷா 2021இல் மறையும்வரை தாங்கினார். பாதி செய்த ஒரு கத்தியைப் பார்த்தால்தான், ஸ்பிரிங்கை எவ்வளவு வளைப்பது, அலகின் அடியை எவ்வளவு ராவுவது என்று கம்மியர் எடுத்த முடிவுகள் கண்ணில் படும். முடிந்த கத்தி அவற்றை உள்ளே மறைத்துவிடுகிறது.

சட்டம்

பிரிட்டனின் 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, வெட்டுவாய் 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குப் பேனாக்கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பூட்டுள்ள கத்திக்கு இந்தச் சலுகை இல்லை என்று 1990களில் நீதிமன்றம் தெளிவாக்கியது. தாக்கும் நோக்கத்தோடு எடுத்துப் போனால் எந்தக் கத்தியும் குற்றமே. விமானத்தில் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை.

தீர்ப்பு

பிடித்தவை: மெல்லிய அலகு, எளிதில் தீட்டக்கூடிய எஃகு, பையை உறுத்தாத வடிவம், முறுக்கான ஸ்பிரிங். பிடிக்காதவை: முதல் நாள் கூர், கத்திக்குக் கத்தி மாறும் முடிப்பு, ஈரத்தில் காட்ட வேண்டிய கவனம்.

அன்றாடம் பழம் நறுக்க, கயிறு அறுக்க, தோட்டத்தில் செடி கட்ட ஒரு கத்தி வேண்டும் என்பவருக்குப் புதிய லேம்ப்ஃபுட்டைத் தயங்காமல் சொல்வேன். மழையில் முகாமடிப்பவருக்கும் துடைக்கப் பொறுமை இல்லாதவருக்கும் துருப்பிடிக்காத எஃகு அலகே நல்லது. பழைய ராட்ஜர்ஸ் போன்றவை முதல் கத்தியாக வேண்டாம். போலி முத்திரைகளும் தேய்ந்த அலகுகளும் சந்தையில் நிறைய. முதலில் புதியது ஒன்றை வாங்கி நன்றாகப் பயன்படுத்துங்கள். பிறகு ஒரு சேகரிப்பாளரிடம் கேட்டு அவருடைய பத்துக் கத்திகளைத் திறந்து மூடுங்கள். அடுத்த கத்தியை எந்தப் பெயரும் விலையும் பார்க்காமல் உங்கள் கட்டைவிரலே தேர்ந்தெடுக்கும்.